எந்த சாண்டா கிளாஸுக்குப் போகலாம்: இண்டியானாவா, ஜார்ஜியாவா?

சாண்டா கிளாஸ் என்று கிறிஸ்துமஸ் தாத்தா பெயரிலேயே அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன; இண்டியானா மாநிலத்தில் ஒன்று, ஜார்ஜியா மாநிலத்தில் ஒன்று. இண்டியானாவில் இருக்கிற சாண்டா கிளாஸ்தான் மூத்தது. அந்த ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது சாண்டா ஃபே என்ற பெயரை, ஆனால் அதே மாநிலத்தில் ஏற்கெனவே அந்தப் பெயரில் ஓர் ஊர் இருந்ததால் தபால் துறை மறுத்துவிட, 1856-ல் இந்தப் பெயரோடு தபால் நிலையம் வந்தது. அந்தத் தபால் நிலையம்தான் இன்றும் ஊரின் உயிர். டிசம்பரில் அதன் சிறப்பு முத்திரைக்காகவே லட்சக்கணக்கான தபால்கள் குவிகின்றன, குழந்தைகள் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்களுக்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதில் போடுகிறார்கள். 1946-ல் தொடங்கிய கேளிக்கைப் பூங்காவும் இருக்கிறது, இப்போது அதன் பெயர் ஹாலிடே வேர்ல்ட். ஆபிரகாம் லிங்கன் சிறுவயதில் வளர்ந்த இடமும் பக்கத்தில்தான்.

ஜார்ஜியாவின் சாண்டா கிளாஸ் கதை அப்பட்டமான வியாபாரம். நெடுஞ்சாலையில் போகிறவர்களை இழுத்து பீகன் கொட்டை விற்க வைத்த பெயர் அது, 1941-ல் நகராகப் பதிவானது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 200, இண்டியானா ஊரில் 2,500-க்கும் மேல். பார்க்க என்ன இருக்கிறது? கேண்டி கேன் (கிறிஸ்துமஸ் மிட்டாய்க் குச்சி), ருடால்ஃப் (தாத்தாவின் கலைமான்) என்று தெருப்பெயர்கள், பலகை முன்னால் ஒரு புகைப்படம், அவ்வளவுதான்.

குழந்தைகளோடு என்றால் யோசிக்கவே வேண்டாம், இண்டியானாதான். ஜார்ஜியாவுக்கென்றே தனியாகக் கிளம்ப வேண்டாம், விடாலியா வெங்காயம் விளையும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கலாம்.