லடாக்கின் லேவுக்கு பைக்கில் எந்த வழி: ஸ்ரீநகரா, மணாலியா?

தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 420–430 கி.மீ. வித்தியாசம் உயரத்தில். ஸ்ரீநகர் வழியில் சோஜி லா கணவாய் 3,528 மீட்டர்; சேறும் லாரிகளும் படுத்தும், ஆனால் இரவு கார்கிலில் சுமார் 2,700 மீட்டரில் நிம்மதியாகத் தூங்கலாம். மணாலி வழியில் சர்ச்சு கூடாரங்களே 4,290 மீட்டரில். முதல் இரவே அங்கு தங்கினால் தலைவலியும் வாந்தியும் வர வாய்ப்பு அதிகம், அதற்கு முன்பே, தாழ்வாக உள்ள ஜிஸ்பா கிராமத்தில் தங்குங்கள்.

கார்கிலில் பெட்ரோல் பம்ப் உண்டு. மணாலி வழியில் தண்டி என்ற ஊரை விட்டால் 300 கி.மீ.க்கு மேல் பம்பை நம்ப முடியாது. 13 லிட்டர் டேங்க் என்றால் 5 லிட்டர் கேன் கட்டாயம். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், மதியம் பனி உருகி நீர் ஏறும். முதல் கியர், சீரான ஆக்ஸிலரேட்டர். நடுவில் இன்ஜின் அணைந்தால் சைலன்சருக்குள் தண்ணீர்தான்.

போக ஸ்ரீநகர், திரும்ப மணாலி.