நால்வர் மேசையில் ஏய்சி டெக்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

2020 நவம்பரில் 'மேஜிக்: தி கேதரிங்' கார்டு விளையாட்டின் 'கமாண்டர் லெஜெண்ட்ஸ்' தொகுப்போடு சேர்ந்து 'ரீப் தி டைட்ஸ்' என்ற ஆயத்த டெக் (கார்டுக் கட்டு) வெளிவந்தது. பச்சையும் நீலமும் கலந்த டெக். அதன் தலைமைக் கார்டு 'ஏய்சி, டைரண்ட் ஆஃப் கயர் ஸ்ட்ரெயிட்' என்னும் கடற்பாம்பு. இன்றுவரை நான் ஆடுவது அந்த டெக்தான். பெட்டியில் வந்த கார்டுகளில் பாதிக்கு மேல் மாறிவிட்டன. ஏய்சியை மட்டும் மாற்றவில்லை. மாற்றும் எண்ணமும் இல்லை.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்' விளையாட்டின் ஒரு வகைதான் கமாண்டர். டெக்கில் தலைமைக் கார்டோடு சேர்த்து 100 கார்டுகள். கார்டுகளைப் போடச் செலவழிக்கும் சக்தி மானா; அதைத் தரும் கார்டுகள் லேண்டுகள். அடிப்படை லேண்டுகளைத் தவிர எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. தலைமைக் கார்டின் நிறங்களுக்குள்தான் மற்ற கார்டுகளும் அடங்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 40 உயிர். வழக்கமாக நான்கு பேர் ஆடுவார்கள்.

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலையில் கூடுவோம். கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) வருவார். துபாயில் பல ஆண்டுகள் இருந்தவர். எங்கள் மேசைக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடையது செத்த உயிரினங்களைத் திரும்ப எழுப்பும் மெரென் டெக். தங்கச்சிமடத்து அண்ணன் விசைப்படகுக்காரர். விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி என்பதால், சனிக்கிழமை போனவர் ஞாயிறு கரை திரும்பி, தூங்கி எழுந்து வருவார். அவர் கையில் கோப்ளின் கூட்டத்தைப் பெருக்கும் கிரென்கோ. நான்காமவர் ராமேசுவரத்துக் கல்லூரி மாணவர். பிறர் போடும் கார்டுகளைத் தடுப்பதையே குறியாகக் கொண்ட நீல வெள்ளை டெக் அவருடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வாரநாட்களிலும் ஆட்டம் உண்டு. இந்த டெக்கில் நான் செய்த மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் செய்தவையே.

இருவர் ஆட்டத்துக்கும் நால்வர் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கணக்கில் சொல்லிவிடலாம். ஒரு சுற்று முடிவதற்குள் நான் ஒரு கார்டு எடுக்கிறேன். எதிரில் உள்ள மூவரும் சேர்ந்து மூன்று எடுக்கிறார்கள். காக்காவின் உயிரினம் ஒன்றை என் ஒரு கார்டால் கொன்றால், அவருக்கு ஒன்று போயிற்று, எனக்கும் ஒன்று போயிற்று. மற்ற இருவரும் எதையும் இழக்காமல் முன்னே போய்விட்டார்கள். இருவர் ஆட்டத்தில் சமமான அதே பரிமாற்றம் இங்கே இரண்டு பேருக்கு இலாபம், செலவு செய்த எனக்கு நட்டம். ஆகவே டெக் கட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்தக் கார்டு எவ்வளவு வலிமையானது' என்பதல்ல. 'மூவர் எடுக்கும் மூன்று கார்டுகளுக்கு இது எப்படி ஈடு கொடுக்கிறது' என்பதே கேள்வி.

ஏய்சியை நான் விடாமல் வைத்திருக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அது களத்தில் இருந்தால் என் முறையில் கூடுதலாக ஒரு லேண்ட் போடலாம். எனக்கு ஒரு லேண்ட் களமிறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு எடுக்கலாம். முறையின் தொடக்கத்தில் எடுப்பது ஒன்று, இரண்டு லேண்டுகளுக்கு இரண்டு, ஆக மூன்று. மூவர் எடுப்பதை ஒருவராக எடுத்துவிடுகிறேன். அதே முறையில் 'கல்டிவேட்' போட்டால் அது டெக்கிலிருந்து இரண்டு அடிப்படை லேண்டுகளைத் தேடி ஒன்றைக் களத்திலும் ஒன்றைக் கையிலும் தரும். அதற்கும் ஒரு கார்டு. 'இவால்விங் வைல்ட்ஸ்' என்ற எளிய லேண்ட் தான் இறங்கும்போது ஒரு கார்டும், தன்னைப் பலி கொடுத்து வேறொரு லேண்டைக் கொண்டுவரும்போது இன்னொரு கார்டும் தருகிறது. விலை மலிவான இந்தப் பொதுக் கார்டுகள் ஏய்சியோடு சேரும்போது விலையுயர்ந்த கார்டுகளைவிட அதிகம் உழைக்கின்றன.

ஏய்சியின் பெரிய குறை அதன் விலை: ஆறு மானா. யாராவது கொன்றால் தலைமைக் கார்டு தன் இடத்துக்குத் திரும்பும். அடுத்த முறை எட்டு, அதற்கடுத்து பத்து என்று விலை ஏறும். அதனால் லேண்டுகளிலும், மானாவைப் பெருக்கும் கார்டுகளிலும் கை வைக்கவே கூடாது. என் டெக்கில் லேண்டுகள் 40, மானா பெருக்கிகள் 12. தலைமைக் கார்டு போக மீதியுள்ள 99 கார்டுகளில் பெருக்கிகள் பத்து இருந்தால், முதல் ஏழு கார்டுகளில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 54 விழுக்காடு. பன்னிரண்டு வைத்தால் அது 61 ஆகிறது. ஏழு மானா, எட்டு மானா உயிரினங்கள் கண்ணைக் கவரும். ஆனால் லேண்டைக் குறைத்து அவற்றுக்கு இடம் தேடுபவர் ஐந்தாவது முறையிலும் கையில் கார்டுகளை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். பலர் ஆடும் ஆட்டத்தில் முதல் கை சரியில்லையென்றால் ஒருமுறை இழப்பின்றி மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சலுகையை நம்பி லேண்டைக் குறைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

2024 செப்டம்பரில் மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ், டாக்சைடு எக்ஸ்டார்ஷனிஸ்ட் ஆகிய, மானாவை மிக விரைவாகத் தரும் கார்டுகள் கமாண்டரில் தடை செய்யப்பட்டதை நான் மனமார வரவேற்றேன். முதல் முறையிலேயே ஒருவர் எட்ட முடியாத தூரம் போய்விட்டால் மீதி ஆட்டம் மற்ற மூவருக்கும் தண்டனை. சோல் ரிங் மட்டும் தப்பிவிட்டது. ஒரு மானா கொடுத்து இறக்கினால் ஒவ்வொரு முறையும் இரண்டு தருகிறது. அதை வைக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி, தாக்குதலைச் சமாளிப்பது பற்றி. நால்வர் மேசையில் தாக்குதலை நிறுத்தவே வேண்டியதில்லை. வேறு பக்கம் திருப்பினால் போதும். 'புராபகண்டா' என்ற மூன்று மானா கார்டு இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. என்னைத் தாக்கும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் அதன் உரிமையாளர் இரண்டு மானா கட்ட வேண்டும். அண்ணனிடம் பத்து கோப்ளின்கள் இருந்தால் என் மேல் அனைத்தையும் ஏவ இருபது மானா வேண்டும். பக்கத்தில் இருப்பவரை இலவசமாகத் தாக்கலாம். அவர் யாரைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ஐயமே இல்லை. இருவர் ஆட்டத்தில் இதே கார்டு வெறும் தாமதப்படுத்தும் கார்டு. இங்கே அது மற்ற இருவரின் மேல் அம்பைத் திருப்புகிறது; நான் யாரையும் பகைத்துக்கொள்ளவும் இல்லை.

பகை என்பது இங்கே உண்மையான கணக்கு. 'ரிஸ்டிக் ஸ்டடி' மிகச் சிறந்த கார்டு. எதிராளி எதைப் போட்டாலும், அவர் ஒரு மானா கட்டாவிட்டால் நான் ஒரு கார்டு எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் 'கட்டுகிறீர்களா?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மூவரும் ஒன்றுசேர்ந்து விடுவார்கள். அதை எடுத்துவிட்டேன். 'சைக்ளோனிக் ரிஃப்ட்' கார்டையும் எடுத்துவிட்டேன். ஏழு மானாவுக்கு எதிராளிகளின் லேண்ட் தவிர எல்லாவற்றையும் அவரவர் கைக்கே அனுப்பிவிடும். அடுத்த முறையில் ஆட்டத்தை முடிக்க முடியாதபோது அது மாலையை நீட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. டெக்குகளை வலிமைப்படி பிரிக்க 2025-இல் வந்த ஐந்து படிநிலை முறையில் இந்த இரண்டும் 'கேம் சேஞ்சர்' (ஆட்டத்தையே மாற்றும் கார்டுகள்) பட்டியலில் இடம்பெற்றன. முதல் இரண்டு படிகளில் அந்தப் பட்டியலின் கார்டுகளுக்கு இடமில்லை, மூன்றாம் படியில் மூன்று வரை வைக்கலாம். எங்கள் மேசை இரண்டாம் படியில்தான் நன்றாக இருக்கிறது.

அவற்றுக்குப் பதிலாக 'ஸ்லின் வோடா' என்ற கடல் அரக்கன். கூடுதல் விலையோடு பத்து மானா. அது இறங்கும்போது உயிரினங்கள் எல்லாம் கைக்குத் திரும்பும். கடற்பாம்பு, ஆக்டோபஸ் போன்ற கடல் இனங்கள் மட்டும் நிற்கும். ஏய்சி கடற்பாம்பு, ஆகவே அசையாது. கடலோரத்துக்காரனுக்கு அந்தக் காட்சி தரும் மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை.

எல்லா உயிரினங்களையும் ஒரே அடியில் அழிக்கும் கார்டுகள் நால்வர் ஆட்டத்தில் கட்டாயம் வரும். அண்ணனிடம் 'பிளாஸ்ஃபமஸ் ஆக்ட்', ராமேசுவரத்துத் தம்பியிடம் 'ராத் ஆஃப் காட்'. அடி விழுந்த பின் யார் விரைவாக எழுகிறார் என்பதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. இந்த டெக்கின் செல்வம் லேண்டுகளில் இருப்பதால் அந்த அடி அதைத் தொடுவதில்லை. லேண்டுகளைக் கூட்டமாக அழிப்பதைப் படிநிலை முறை கீழ்ப் படிகளில் அனுமதிப்பதுமில்லை. பத்து லேண்டும் நிறைந்த கையும் இருந்தால் அடுத்த முறையே எட்டு மானா கொடுத்து ஏய்சியைத் திரும்ப இறக்கிவிடுகிறேன். களத்தில் உள்ள என் கார்டுகளை அழியாமல் காக்கும் 'ஹீரோயிக் இன்டர்வென்ஷன்' என்ற இரண்டு மானா கார்டையும் அதற்காகவே கையில் பூட்டி வைத்திருப்பேன். ஒன்றுக்கு ஒன்று கொல்லும் கார்டுகளைக் குறைத்துவிட்டேன். 'பீஸ்ட் வித்தின்' போல எதையும் அழிக்கக்கூடியவை மட்டும் உள்ளன, அவையும் உண்மையான ஆபத்துக்கு மட்டும்.

செத்த உயிரினங்கள் போய்ச் சேரும் கல்லறையை வைத்துக் காக்கா ஆடும் விளையாட்டுக்கு விடையை லேண்டுக்குள்ளேயே ஒளித்து வைத்தேன். 'ஸ்கேவெஞ்சர் கிரவுண்ட்ஸ்' லேண்டாக மானா தரும். தேவைப்படும்போது அதைப் பலி கொடுத்தால் எல்லாருடைய கல்லறையும் காலியாகும். தனியாக ஓர் இடம் ஒதுக்காமல் ஒரு பிரச்சினை தீர்ந்தது. அதை நான் களத்தில் வைத்த நாள் முதல் காக்கா, "தம்பி, அதில் கை வைக்காதே, நீ சொல்பவரை நான் தாக்குகிறேன்" என்று பேரம் பேசத் தொடங்கிவிட்டார். பயன்படுத்தாமலேயே பயன் தரும் கார்டு அது.

மூவரின் உயிரையும் கூட்டினால் 120. சிறுசிறு அடிகளால் அங்கே போய்ச் சேர முடியாது. ஒருவரை மட்டும் சீக்கிரம் வீழ்த்துவதும் எனக்குப் பிடிக்காது; பஸ் பிடித்து வந்த மனிதர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் முடிக்கும் கார்டாக 'அவெஞ்சர் ஆஃப் செண்டிகார்' வைத்திருக்கிறேன். பத்து லேண்ட் இருந்தால் பத்துச் செடிகள் முளைக்கும். அதன்பின் இறங்கும் ஒவ்வொரு லேண்டும் எல்லாச் செடிகளையும் ஒரு படி வளர்க்கும். ஏய்சி களத்தில் இருக்க, என் முறை இரண்டு தடவை வந்தால் மூவரையும் சேர்த்தே எதிர்கொள்ளலாம்.

கார்டுகளின் உடல்நலத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே அது ஆட்டத்தையே பாதிக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் கார்டுகளுக்குப் போடும் பிளாஸ்டிக் உறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. வாடைக்காற்று மாதங்களில் 100 கார்டுகளைக் கலைப்பது பெரும்பாடு. மின்னும் பூச்சுள்ள கார்டுகள் வளைந்துவிடும். காகிதம் ஈரம் குடித்து விரிகிறது, மேலே உள்ள பூச்சு விரிவதில்லை. பூச்சில்லாத கார்டுகளையே வாங்குங்கள். இரட்டை உறை போட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் திண்ணையில் ஆடவே முடியாது. கார்டும் பறக்கும், உறைக்குள் மணலும் புகும். உள் அறைதான் கதி.

இதனால் டெக்கின் அமைப்பிலும் ஒரு மாற்றம் வந்தது. லேண்ட் தேடும் ஒவ்வொரு கார்டும் டெக்கைக் கலைக்கச் சொல்கிறது. ஒட்டும் உறைகளோடு ஓர் ஆட்டத்தில் திரும்பத் திரும்பக் கலைத்தால் மற்றவர்கள் பொறுமை இழப்பார்கள். ஆகவே தேடும் கார்டுகளில் சிலவற்றை எடுத்து, கையில் உள்ள லேண்டைக் கூடுதலாக இறக்க உதவும் கார்டுகளை வைத்தேன். ஏய்சி எடுத்துத் தரும் லேண்டுகள் கையில் எப்போதும் இருப்பதால் இழப்பு தெரியவில்லை.

இன்னும் எனக்கு நிறைவு தராத கார்டு ஒன்று உண்டு: 'ஸ்கூட் ஸ்வார்ம்'. ஆறு லேண்டுகளுக்குப் பின் ஒவ்வொரு லேண்டுக்கும் களத்திலிருக்கும் ஒவ்வொரு வண்டும் தன் நகல் ஒன்றைப் பெற்றெடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், ஐந்து லேண்டில் முப்பத்திரண்டு. வலிமையில் குறையில்லை, எண்ணி முடிப்பதற்குள் மேசையின் உற்சாகம் வடிந்துவிடுகிறது. லேண்டுக்கு ஒரு நான்குக்கு நான்கு (தாக்கும் வலிமை நான்கு, தாங்கும் வலிமை நான்கு) விலங்கு தரும் 'ராம்பேஜிங் பேலோத்ஸ்' அந்த இடத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். கார்டு கையில் வந்துவிட்டது; அடுத்த ஞாயிறு அதை வைத்து ஆடப் போகிறேன்.