இத்தாலிய மூதாதையரின் பிறப்புப் பதிவு: நகராட்சியா, தேவாலயமா?

முதலில் நகராட்சிப் பதிவேட்டைத்தான் பாருங்கள். நேப்பிள்ஸ் பக்கம் 1809 முதல், சிசிலியில் 1820 முதல், ஒன்றுபட்ட இத்தாலியில் 1866 முதல் இருக்கிறது. 'அந்தெனாத்தி' அரசுத் தளத்தில் பல ஊர்களின் ஏடுகளை இலவசமாகப் புரட்டலாம். ஆண்டு ஏட்டின் கடைசியில் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் இருக்கும். அதில் பதிவு எண்ணைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தந்தையின் வயது, தொழில் கிடைக்கும். ஓரக்குறிப்பில் சில சமயம் திருமண விவரமும் சிக்கும். குடியுரிமை விண்ணப்பத்துக்கு மட்டும் ஸ்கேன் படம் போதாது, நகராட்சியிடமே சான்றிட்ட நகல் வாங்க வேண்டும்.

அதற்கும் முந்தைய தலைமுறைக்குத் தேவாலயத்தின் திருமுழுக்கு (ஞானஸ்நான) ஏடுதான் வழி. பல ஊர்களில் 1500-களின் பிற்பகுதிவரை போகலாம். மொழி லத்தீன்: ஜொவான்னி என்ற பெயர் அங்கே யோவான்னெஸ். மாதம் '7ப்ரே' (7bre) என்றிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஏட்டைப் பார்த்துச் சொல்லும்படி அந்தத் தேவாலயத்தின் பங்குத்தந்தைக்கு இத்தாலிய மொழியிலேயே, ஒரே ஒரு பெயரைக் கேட்டுச் சுருக்கமாக எழுதுங்கள்.