டிபி சிகிச்சைக்கு மலை இறங்கி ஒன்றேகால் லட்சம் தொலைத்தோம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைப்பு என்று இருந்தால், கோவைக்கு வண்டி பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தை மாசம் பிடித்த இருமல் மாசி முடிந்தும் விடவில்லை. "குளிருக்குத்தான்" என்றார்கள் எல்லாரும். எங்கள் ஊரில் குளிரின் மேல் போடாத பழி கிடையாது. சளியில் ரத்தம் தெரிந்ததும்தான் பயந்துபோய், தெரிந்தவர் ஒருவர் சொன்ன கோவை தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்த கையோடு, "டிபி மாதிரி இருக்கு சார், தனி ரூம்ல வெச்சுத்தான் பாக்கணும்" என்றார்கள். அட்வான்ஸ் 40,000. ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். இரண்டு முறை சிடி ஸ்கேன், தனி அறை வாடகை, நர்ஸ் போட்டுக்கொண்ட மாஸ்க்குக்கும் கையுறைக்கும் தினமும் ஒரு கட்டணம், விலை கூடிய ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த ரத்தப் பரிசோதனை, கிருமி எப்போதாவது உடம்புக்குள் போயிருக்கிறதா என்று மட்டும்தான் காட்டுமாம். இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. பின்னால்தான் தெரிந்தது.

அவ்வளவு நீள பில்லில் சளிப் பரிசோதனை மட்டும் இல்லை. கேட்டால், "அவருக்குச் சளி சரியா வரல." மனுஷன் இருமிய இருமலில் பக்கத்து அறைக்காரர் தூங்கவில்லை!

மொத்தம் 1,23,000 ரூபாய். அம்மாவின் செயின் அடகுக்குப் போனது.

அங்கே எழுதிக் கொடுத்த டிபி மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்றுகூட யாரும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்த அன்று ரத்தம் போகிறது என்று அப்பா போட்ட சத்தம் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது.

கண்ணைத் திறந்துவிட்டவர் கோத்தகிரி மெடிக்கல் கடைத் தம்பிதான். சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, டிபி மாத்திரையப் போய் காசு குடுத்து வாங்குறீங்க? ஜிஎச்ல சும்மா குடுப்பாங்களே" என்றார்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் காலையில் சளி கொடுத்தோம். மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. டிபிதான் என்பதோடு, முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சளியைப் பரிசோதிக்கும் மெஷினே சொல்லிவிடுகிறது. பைசா வாங்கவில்லை. அப்புறம் அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள்: "நிக்ஷய் நம்பர் இருக்கா?" டிபி நோயாளிகளை அரசு பதிந்து கொடுக்கும் எண் அது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. டிபி நோயாளி வந்தால் தனியார் மருத்துவமனையும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2012லிருந்து இருக்கிறது. எங்களுக்குச் செய்யவில்லை.

ஜிஎச்காரர்களே பதிந்து, எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம், முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் மூன்று. வீட்டில் எங்கள் எல்லாரையும் பரிசோதித்தார்கள். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் அப்பா கணக்குக்கு வரும்; 2024 நவம்பருக்கு முன் அது 500.

மூச்சுத் திணறலோ, நிறைய ரத்தமோ என்றால் படுக்கை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா தானாக நடந்து போய் அட்மிட் ஆனவர். பெரும்பாலான டிபிக்கு வீட்டிலிருந்தே மாத்திரை போதும்.

சந்தேகம் இருந்தால் 1800-11-6666க்கு அடியுங்கள், கட்டணம் இல்லை. எங்கேயாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால், "சளி டெஸ்ட் எப்போ? நிக்ஷய்ல பதிஞ்சாச்சா?" என்று முதல் நாளே கேளுங்கள். விவரமான பில்லைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். நான் வாங்கி வைத்ததால்தான் புகார் மனுவோடு இணைக்க முடிந்தது. பதில் இன்னும் வரவில்லை.

அப்பாவுக்கு இது நாலாவது மாதம். 41 கிலோவிலிருந்து 46க்கு வந்திருக்கிறார். செயினுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.