மாத்திரையை நிறுத்தச் சொல்லாத சீட்டு

லண்டனில் இருக்கும் நான் ஊருக்கு வந்து, மலேசியாவின் பினாங்கில் அம்மாவை அலர்ஜி சோதனைக்கு அழைத்துப் போனதைப் பற்றி எழுதுகிறேன். விமானம், குடிநுழைவு, கிராப் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஆறாமல் இருப்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சீட்டுதான்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு அட்டை. மேலே அம்மாவின் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர். கீழே தேதி, காலை 8 மணி, எந்த மாடி, ஒரு ரப்பர் முத்திரை. பின்பக்கம் வெறுமை. அந்த வெற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்: அரிப்பு, தும்மல், சளி மாத்திரைகளைச் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அந்த வரி இல்லாததால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அம்மாவுக்கு இரண்டு தொல்லை. விடிந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, மழை நாளில் இளைப்பு. இது என் சின்ன வயதிலிருந்தே உண்டு. இறால் சாப்பிட்டால் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிப்பாவது சில வருடங்களாகத்தான். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் கிளினிக்கில் கொடுக்கும் மஞ்சள் மாத்திரைதான் இரண்டுக்கும் மருந்து. எந்த மாத்திரை என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே பேனாவால் எழுதித் தருவார்களே, தூக்கம் வரும் அந்தக் குட்டி மாத்திரை. அம்மா அதைத் தினமும் ராத்திரி ஒன்று போட்டுக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அம்மாவுக்கு இன்றும் பழைய காலத்து முறைதான். இருட்டோடு எழுந்து தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு, ஃபிளாஸ்கில் மைலோவும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு, கதவு திறக்கும் முன்பே போய் நிற்க வேண்டும். அண்ணன் ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். நம்பர் எடுத்தோம், உட்கார்ந்தோம். எட்டு மணி என்று சீட்டில் போட்டிருந்தாலும் பதினொன்று தாண்டித்தான் கூப்பிட்டார்கள். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், லண்டனில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம் தமிழ்ப் பெண். அம்மாவின் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆன்ட்டி, அரிப்புக்கு, சளிக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

அம்மா கைப்பையிலிருந்து அந்தப் பையை எடுத்து நீட்டினார். "தெனமும் ராத்திரி ஒண்ணும்மா. நேத்தும் போட்டேன், ஒரு நாளும் விட்டதில்லை."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். இன்று சோதனை செய்ய முடியாது என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. காரணம் என்ன என்று கேட்டதற்கு வெறும் வாயால் சொல்லி அனுப்பிவிடாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து கண்ணெதிரே காட்டினார். அம்மாவின் முன்கையில் பேனாவால் இரண்டு கோடு போட்டு, ஒன்றின் பக்கத்தில் உப்பு நீர்ச் சொட்டு, மற்றதன் பக்கத்தில் ஹிஸ்டமின் சொட்டு வைத்தார். ஒவ்வொன்றின் வழியாகவும் நுனி ஊசியால் லேசாக ஒரு குத்து, ரத்தம்கூட வரவில்லை. ஹிஸ்டமின் என்பது அலர்ஜி வரும்போது நம் உடம்பே கொட்டுகிற பொருள். அதை நேராகத் தோலில் வைத்தால் யாருக்கும் கொசுக்கடி மாதிரி தடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம். உப்பு நீர் வைத்த இடமும் ஹிஸ்டமின் வைத்த இடமும் ஒரே மாதிரி, தட்டையாக இருந்தன. மஞ்சள் மாத்திரை அம்மாவின் தோலையே ஊமையாக்கி வைத்திருந்தது. இந்த நிலையில் இறாலை வைத்துக் குத்தினாலும் ஒன்றும் தெரியாது. "உங்களுக்கு அலர்ஜியே இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்று ஒரு பொய் ரிப்போர்ட் வந்திருக்கும். அது எவ்வளவு ஆபத்து என்று அங்கேதான் புரிந்தது.

இதையெல்லாம் இவ்வளவு அழகாகத் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் சீட்டில் ஏன் எழுதவில்லை? கவுன்டரில் கேட்டேன். "அனுப்பின கிளினிக்குல சொல்லியிருப்பாங்களே" என்றார்கள். கிளினிக்குக்குப் போன் போட்டால், "அது ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க" என்றார்கள். நடுவில் எழுபது வயது தாண்டிய ஒரு மனுஷி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடாமல் வர வேண்டியதே இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார்கள்.

எனக்கு லண்டனில் புல் மகரந்த அலர்ஜி. சோதனைக்குக் கூப்பிட்ட கடிதத்திலேயே எந்தெந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். இருமல் சிரப்பிலும் அந்த மருந்து இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூட இருந்தது. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் பம்பை நிறுத்த வேண்டாம் என்றும் இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் போனுக்கு நினைவூட்டலும் வந்தது. அங்கே ஆள் முகத்தைப் பார்க்கத் தவம் கிடக்க வேண்டும், ஆனால் காகிதத்தில் எல்லாம் இருக்கும். இங்கே ஆட்கள் தங்கமானவர்கள், காகிதத்தில்தான் ஒன்றும் இல்லை.

நான் திரும்பிப் போகும் தேதியைச் சொன்னதும் டாக்டர் அடுத்த வாரத்திலேயே இடையில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். லண்டனில் இது கனவிலும் நடக்காது. ரத்தத்திலும் பார்க்கலாம், ஐஜிஈ அளவை மாத்திரை மாற்றாது என்று சொல்லி அன்றே ஒரு குழாய் ரத்தமும் எடுத்துக்கொண்டார். ஐஜிஈ என்பது நம் ரத்தத்தில் மிகக் கொஞ்சமாக இருக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம். 1966இல் இஷிசாக்கா என்ற ஜப்பானியத் தம்பதி அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார்கள். தும்மலும் தடிப்பும் எதனால் வருகின்றன என்று டாக்டர்களால் ரத்தத்தில் அளந்து சொல்ல முடிவது அதற்குப் பிறகுதான்.

மாத்திரை இல்லாத அந்த வாரம் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. அம்மா விடிய விடியத் தும்மினார். பக்கத்து வீட்டு அக்கா கற்பூரவள்ளிச் சாறு கொண்டுவந்தார், எதிர் வீட்டு ஆன்ட்டி நொச்சி போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். "ஒரே ஒரு மாத்திரைடி, யாருக்குத் தெரியப் போவுது" என்று அம்மா கெஞ்சினார். நான் அந்தப் பையை அண்ணியிடம் கொடுத்துப் பூட்டி வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் இன்னொரு காகிதம் என் கண்ணில் பட்டது. போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று அம்மா பல நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஓர் இடத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறார். வண்ண வண்ணமாக ஒரு புத்தகமே தந்திருக்கிறார்கள். முட்டை, பால், கோதுமை, கத்தரிக்காய், கடலை, மீன் எல்லாவற்றுக்கும் சிவப்புப் புள்ளி. அம்மா அத்தனையையும் விட்டுவிட்டார். இளைத்துப் போனது வயதால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தில் அளந்திருப்பது ஐஜிஈ இல்லை, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் புரதம். நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கெல்லாம் உடம்பு ஐஜிஜி உண்டாக்கும். அது இருந்தால் அந்தச் சாப்பாடு நமக்குப் பழக்கம் என்றுதான் அர்த்தம். உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி அகாடமி 2008லேயே சொல்லிவிட்டது. லண்டனிலும் இதை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆயுள் முழுக்கக் காசைச் சேர்த்து வைத்துச் செலவழிக்கிற ஒரு கிழவியிடம் இதை விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சோதனைக்கு இரண்டாவது முறை போன நாளில் நடந்தது எனக்கு ஆச்சரியம். இறாலை நீங்களே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சௌராஸ்தா பாசாருக்கு (சந்தைக்கு) போய், அம்மா எப்போதும் வாங்குகிற கடையிலேயே வெள்ளை இறாலும் நண்டும் கெம்போங் என்ற கானாங்கெளுத்தி மீன் ஒன்றும் வாங்கி, பாதியை வேகவைத்து, பாதியைப் பச்சையாக ஐஸில் வைத்து எடுத்துப் போனோம். மிஸ்ஸி ஊசியை முதலில் இறாலில் குத்தினார், அதே ஊசியால் அம்மாவின் கையில் குத்தினார். அம்மா எந்தக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு வீங்கினாரோ, அந்தக் கடை இறாலையே சோதித்தார்கள். லண்டனில் எனக்கு எல்லாமே புட்டியில் வந்த சாறுதான்.

இந்த முறை ஹிஸ்டமின் வைத்த இடம் நன்றாகத் தடித்தது. இறால், பச்சையும் வெந்ததும், நண்டு எல்லாம் எழும்பின. உப்பு நீர் வைத்த இடத்தைவிட மூன்று மில்லிமீட்டர் அதிகம் இருந்தால் கணக்கில் எடுப்பார்கள், அம்மாவின் இறால் தடிப்பு அதைவிட எவ்வளவோ பெரிது. மீன் வைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிதாக எழும்பியது பிளோமியா டிராப்பிகாலிஸ் என்ற தூசிப் பூச்சி. நம் ஊர் மாதிரி வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. லண்டனில் எனக்குச் செய்த சோதனையில் இந்தப் பெயரே இல்லை. ஊருக்கு வந்து அம்மா வீட்டுப் பழைய மெத்தையில் படுத்தாலே எனக்கும் மூக்கு ஒழுகுகிறதே என்று கேட்டேன், டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

தூசிப் பூச்சிக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா மலாயில் கேட்டார். டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. பொறுமையாக அம்மாவுக்குப் புரிகிற பாசார் மலாயிலேயே விளக்கினார். இறால், நண்டு, தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சி எல்லாவற்றின் தசையிலும் டிரோப்போமயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது, ஒன்றுக்கொன்று சாயல் அதிகம். வருடக்கணக்காகத் தூசிப் பூச்சியை மூச்சில் இழுத்து அதற்கு எதிராகத் தயாராகிவிட்ட உடம்பு, இறாலைப் பார்த்து அதே எதிரி என்று பாயலாம். வேகவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. மீனில் தொல்லை தருவது வேறு புரதம், அதனால் மீனை விட வேண்டியதில்லை. முட்டையையும் கத்தரிக்காயையும் சோதித்துப் பாருங்கள் என்று நான் கேட்டதற்கு மறுத்துவிட்டார். சாப்பிட்டு ஒன்றும் ஆகாததைச் சோதிக்கக் கூடாது, தோல் தடிப்பது மட்டுமே அலர்ஜி ஆகாது, வீணாக இன்னொரு பட்டியல்தான் சேரும் என்றார். அந்த வண்ணப் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

பிறகு ஆராய்ச்சிக்கு ஒரு குழாய் ரத்தம் கூடுதலாகத் தர முடியுமா என்று கேட்டார்கள். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் உள்ளூர் இறால், நண்டு வகைகளின் அலர்ஜிப் புரதங்களை ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டு இறாலை வைத்து எழுதியதை நம் பாசார் இறாலுக்கு அப்படியே பொருத்த முடியாது, இங்கேயே ஆராயத்தான் வேண்டும். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மா படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. மிஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொன்னார். வேண்டாம் என்றால் சிகிச்சை குறையாது, சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ரத்தத்தில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். படிக்க முடியாதவருக்கு இதை விளக்கும்போது ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒருவர் முழு நேரமும் கூட இருந்து சாட்சிக் கையெழுத்து போட வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் விதி. அது நானாக இருந்தேன். "என்னால நாலு பேருக்கு நல்லது நடந்தா எடுத்துக்கட்டும்" என்று அம்மா கையை நீட்டினார்.

இனி பெலாச்சான் என்ற இறால் விழுதுதான் பெரிய பிரச்சினை. கூனி இறாலில் செய்வது, பினாங்கில் எதில்தான் அது இல்லை? சம்பால், லக்சா, கீரைப் பிரட்டல், எல்லாவற்றிலும் உண்டு. லண்டனில் கடையில் பொட்டலம் கட்டி வைத்து விற்கும் சாண்ட்விச்சில்கூட உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முழுதாக எழுத வேண்டும், 2021 அக்டோபரிலிருந்து சட்டம். இங்கே கடைக்காரரைக் கேட்டால், "கொஞ்சமாத்தான்மா போட்டிருக்கேன், ஒண்ணும் ஆவாது" என்பார், அதுவும் அன்பாக. அம்மாவுக்கு அந்தக் கொஞ்சம் போதும். டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார், வெளியே சாப்பிடும்போது அண்ணிதான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. வீங்கினால் மஞ்சள் மாத்திரை இருக்கிறதே என்று அம்மா இத்தனை நாள் தைரியமாக இருந்தார். அது அரிப்பைத்தான் அடக்கும். மூச்சு திணறினாலோ மயக்கம் வந்தாலோ உயிரைக் காப்பாற்றுவது தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிதான், அதுவும் உடனே. நான் வேலை பார்க்கும் லண்டன் பள்ளியில் அந்த ஊசிப் பேனா அலமாரியில் உபரியாகவே இருக்கும், 2017லிருந்து பள்ளிகள் அதைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பினாங்கில் நான் ஏறி இறங்கிய மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் தாமான் கிளினிக் டாக்டருக்கு ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இளைப்பும் இருப்பதால் ஆபத்து அதிகம், மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காமல் 999ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று அண்ணனிடமும் அண்ணியிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் தனித்தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.