ரோவர் 3500-க்கு வாட்டர்லெஸ் கூலன்ட், காசுக்கு ஒர்த்தா?

ரோவர் பி6 3500 வச்சிருக்கேன், பழைய பிரிட்டிஷ் கார், அந்த 3528 சிசி அலாய் வி8 இன்ஜின். தண்ணியே கலக்காத கூலன்ட் (இன்ஜின் சூட்ட இழுக்கற திரவம்) ஊத்தி ஒரு சம்மர் முழுக்க ஓட்டியாச்சு. அரிப்பு வராம இருக்க நல்ல சரக்குதான், ஆனா வண்டி சூடாகுது, இத ஊத்தினா சரியாயிடும்னு நெனச்சு வாங்காதீங்க, அதுக்கு இது மருந்தே இல்ல.

இந்த இன்ஜின் 1961ல அமெரிக்க கம்பெனி ப்யூக் போட்ட டிசைன், அப்புறம் ரோவர் வாங்கிக்கிட்டாங்க. பிளாக், அதுக்கு மேல மூடி மாதிரி உக்காரற ஹெட் ரெண்டுமே அலுமினியம், சிலிண்டருக்கு உள்ள இரும்பு லைனர் (உறை). அலுமினியம் சூட்டுல இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால ஒரு தடவ நல்லா கொதிக்க விட்டாலே ஹெட் வளைஞ்சு, நடுவுல சீல் பண்ற கேஸ்கெட் போயிடலாம். அதுக்கு மேல ரேடியேட்டர் வேற செம்பும் பித்தளையும், கூலன்ட்ட வருஷக்கணக்கா மாத்தாம விட்டா அலுமினியம் அரிச்சு, அந்த கசடெல்லாம் ரேடியேட்டர் குழாய்ல போய் அடைச்சுக்கும், இதுல லண்டன் பைப் தண்ணிய ஊத்தினா சுண்ணாம்பும் சேந்து படியும். தண்ணியே இல்லன்னா இந்த தொல்லை பெரும்பாலும் இல்ல, அது நெஜமாவே பெரிய பிளஸ். கொதிநிலையும் 180 டிகிரிக்கு மேல, சிஸ்டத்துல பிரஷர் ரொம்ப ஏறாது, பழைய ஹோஸுக்கு நல்லது.

இப்ப மைனஸ். இதுல இருக்கற கிளைகால்ங்கற திரவம் தண்ணி அளவுக்கு சூட்ட இழுக்காது, லண்டன சுத்திப் போற எம்25 ரோட்டு டிராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு முன்னாடிய விட கொஞ்சம் மேலதான் நிக்குது. அதவிட எனக்கு பிடிக்காத விஷயம், சாதாரண கூலன்ட் கொதிச்சா ஆவி கிளம்பும், நாமளும் பதறிப்போய் ஓரங்கட்டிடுவோம், இது கொதிக்காம கம்முனு இருக்கும், உள்ள ஹெட் வெந்துக்கிட்டு இருக்கும். ரேடியேட்டர் பாதி அடைச்சிருக்கற வண்டில இத ஊத்தறது நோய மறைக்கற வேலை.

மாத்தறதும் லேசு இல்ல. பிளாக் டிரெயின் பிளக் வரைக்கும் கழட்டி காலி பண்ணி, கூலன்ட் கம்பெனி தர ஃப்ளஷ் திரவம் விட்டு கழுவணும், மிச்ச தண்ணி 3 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. விலையும் சாதாரண கூலன்ட்ட விட பல மடங்கு.

அந்த காசுல ரேடியேட்டர ரீகோர் பண்ணுங்க (உள்ள இருக்கற குழாய் பாகத்த புதுசா மாத்தறது), புது பிரஷர் கேப் போடுங்க, இக்னிஷன் டைமிங் செக் பண்ணுங்க, லேட்டா இருந்தாலும் வண்டி சூடாகும். கூலன்ட் லெவல் இறங்கினா கத்தற அலாரம் ஒண்ணு கண்டிப்பா வேணும், ஏன்னா கூலன்ட் முழுசா கொட்டிப்போச்சுன்னா சென்சார் காத்துல நிக்கும், முள்ளு நார்மல்னே பொய் சொல்லும். மத்தபடி அலுமினியத்துக்கு ஒத்துவர கூலன்ட்ட டீஅயனைஸ்டு (உப்பு நீக்கின) தண்ணில கலந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தினாலே போதும்.

இன்ஜின் இப்பதான் ரீபில்ட் பண்ணி, எல்லாம் சுத்தமா இருக்கு, வண்டி அதிகம் ஓடாம கராஜ்லயே நிக்கும்னா தாராளமா வாங்கலாம். வாங்கறவங்க ஒரு கேன் எக்ஸ்ட்ரா வாங்கி டிக்கில போட்டுக்கங்க, வழில ஹோஸ் கிளிப் லூசாச்சுன்னா பெட்ரோல் ஸ்டேஷன்ல இது கிடைக்கும்னு நம்ப முடியாது, தண்ணி ஊத்தினா முதல்லேந்து கழுவற வேலைதான்.