பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் பீச் வாலிபால் (மணல் கோர்ட்) கோச்சிங், நம்பி சேக்கலாம்
பொண்ணு ஸ்கூல்ல இன்டோர் வாலிபால் ஆடிட்டு இருந்தா, இங்க சேத்ததும் கோச் முதல்ல சொன்னதே விரல் நுனியால தட்டி விடற டிப் இங்க ஃபவுல், பிளாக்ல, அதாவது வலை மேல கை தூக்கி தடுக்கறப்ப, பட்டாலே டீமுக்கு இருக்கற மூணு டச்ல ஒண்ணு போயிடும்னுதான். 16க்கு 8 மீட்டர் கோர்ட்ட ரெண்டே பேரு காக்கணும், சப்ஸ்டிட்யூட் கிடையாது, அதனால எல்லாருக்கும் எல்லா ஸ்கில்லும் பழக்கறாரு, எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான். அமெரிக்க பிளேயர் கெர்ரி வால்ஷும் 2000 சிட்னி ஒலிம்பிக்ல இன்டோர் ஆடினவங்கதான், அப்புறம் மணலுக்கு வந்து மிஸ்டி மே கூட 2004, 2008, 2012னு மூணு ஒலிம்பிக் கோல்டு! அத கேட்டதுலேர்ந்து இவளுக்கு ஒரே வெறி. மணல் நல்ல ஆழம், கல்லு இல்ல. மழைன்னா கிளாஸ் கேன்சல், மெசேஜ் லேட்டா வருது, அத மட்டும் சரி பண்ணுங்க சார். ஃபீஸ் ஜாஸ்திதான், ஆனா பேட்ச்ல கம்மி பேருதான்.